சந்தா முடிகிற மார்கழி

எங்கள் ஊரில் ஓர் ஆய்விதழின் சந்தா முடிந்துபோனால், அதைப் படித்தவர்களுக்கு அதில் படித்ததெல்லாம் மறந்துபோகும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு மறப்பதற்கு என்ன இருக்கிறது என்று நாங்களும் விட்டுவிடுவோம். உப்போடையில் கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே ஒரு மீன்வளக் கல்லூரி இருக்கிறது, கல்லூரிக்குள் ஒரு நூலகம் இருக்கிறது, அந்த நூலகத்துக்கு ஒரு காலத்தில் இதழ்கள் மாதாமாதம் தபாலில் வந்து அடுக்குகளில் உட்கார்ந்துகொண்டிருந்தன, பிறகு காகிதம் நின்றுபோய் எல்லா இதழ்களும் கணினித் திரைக்குள் போய்விட்டன, காலியான இரும்பு அடுக்குகளில் மாணவர்கள் ஹெல்மெட்டையும் சாப்பாட்டுப் பையையும் வைக்க ஆரம்பித்தார்கள். காகிதம் நின்றதற்காக அன்றைக்கு யாரும் வருத்தப்படவில்லை. இடம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டவர்கள்தான் அதிகம்.

முதன்முதலில் மறந்தவர் கடல்பாசி நடத்துகிற வாத்தியார். டிசம்பரோடு பாசி இதழின் சந்தா முடிந்திருந்தது, பணம் இல்லை என்று கல்லூரி புதுப்பிக்கவில்லை, ஜனவரியில் வகுப்புக்குப் போன மனிதர் கரும்பலகையில் தலைப்பை எழுதிவிட்டு, எழுதிய தலைப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்று, "பிள்ளைகளா, இதைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றார். இத்தனை நேர்மையான வாத்தியாரைப் பிள்ளைகள் அதுவரை பார்த்ததில்லை, கைதட்டினார்கள். வீட்டுக்கு ஓடிப்போய் அவர் அச்செடுத்து வைத்திருந்த தாள்களை எடுத்தால் எல்லாம் வெள்ளையாக இருந்தன, கைப்பட எழுதிய குறிப்புகளும் வெள்ளையாக இருந்தன, அந்தக் கட்டுரைகளைப் படிக்கையில் வழக்கமாகக் கூடவே உட்கார்ந்து டீ குடிக்கிற பஸ் கண்டக்டர் எதிரே வந்து "என்ன சார்" என்றபோது அவரையும் யாரென்று தெரியவில்லை. மறதி அளந்து வெட்டிக்கொண்டு போவதில்லை. எத்தனை தடவை படித்தோமோ அத்தனைக்குச் சுற்றியிருப்பதையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிறது.

கல்லூரிக்கு எதிரே இருக்கிற நோட்டரி வக்கீல், பொழுது போகாத ஒரு மத்தியானத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இதழ்க் கம்பெனியோடு கல்லூரி போட்டிருந்த ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துப் பார்த்தார். உலகத்திலேயே அந்த ஒப்பந்தத்தை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும். சந்தா முடிந்தபின் பதிவுபெற்ற பயனர் எவரும் இதழின் எந்தப் பகுதியையும், எந்த வடிவிலும், எந்த இடத்திலும் வைத்திருக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. "தலையும் ஒரு இடம்தானய்யா" என்றார் வக்கீல். நிரந்தர உரிமை என்று ஒரு வகை இருக்கிறதாம், அதை வாங்கினால் மறக்காதாம், அதை வாங்குகிற கல்லூரிகள் வேறு கல்லூரிகள். மற்ற ஊர்களிலும் இதே ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள், அங்கெல்லாம் இப்படி நடக்கவில்லையே என்று கேட்டால், எங்கள் ஊர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிற ஊர், அவ்வளவுதான்.

காதில் கேட்டது மட்டும் இந்த மறதிக்குத் தப்பிவிடும் என்று கண்டுபிடித்தது சவரக்கடையில். பாசி வாத்தியார் ஜனவரி இரண்டாவது வாரம் முகம் மழிக்கப் போனார், பாதி முகத்தில் நுரை இருக்கும்போது, முந்தின வருடமெல்லாம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்லிக்கொண்டிருந்த பாசிக் கதையைக் கத்தியை நீவிக்கொண்டே கடைக்காரர் அவருக்குத் திருப்பிச் சொன்னார். வாத்தியார் மிச்ச முகத்தை மழிக்கவிடாமல் அழுதார். கடைக்காரர் பதிவுபெற்ற பயனர் இல்லை, கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை, அவர் காதில் விழுந்ததைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. அன்றிலிருந்து உப்போடையில் மார்கழி வேறு மாதிரி ஆகிவிட்டது.

மார்கழியின் முதல் பாதி சொல்கிற பாதி, டிசம்பர் முடிந்தபின் வருகிற இரண்டாம் பாதி திரும்பக் கேட்கிற பாதி. எந்தெந்த இதழ் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், அதைப் படித்தவர்கள் படிக்காதவர்களைத் தேடிக்கொண்டு விடிகாலையில் கிளம்புவார்கள். வாசலில் கோலம் போடுகிற பெண்களிடமும், உப்பளத்துக்குச் சைக்கிளில் போகிறவர்களிடமும், வலை பிரிக்கிறவர்களிடமும், பனியில் தலைக்கு மப்ளர் கட்டிக்கொண்டு மீனின் சிறுநீரகத்தையும் நண்டின் ஓட்டையும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பஜனைக் கோஷ்டியும் கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்களும் பேசிவைத்துக்கொண்டு, சொல்கிறவர்கள் இருக்கிற தெருவில் மத்தளத்தைத் தாழ்த்தி அடித்தார்கள். ஜனவரி பிறந்ததும் கேட்டவர்கள் சொன்னவர்கள் வீட்டுக்குப் போவார்கள், "உங்களுக்கு மறந்துவிட்டது" என்று வாய் தவறியும் சொல்லமாட்டார்கள், அது மரியாதையில்லை, "கொஞ்சம் உக்காரலாமா?" என்று மட்டும் கேட்பார்கள், வீட்டுக்காரர் கருப்பட்டிக் காப்பி கொடுக்கவேண்டும், அதனால் ஜனவரியில் எங்கள் ஊரில் கருப்பட்டிக்குத் தட்டுப்பாடு. கேட்டவர்கள் தங்கள் பங்குக்குக் காரம் மசாலா சேர்ப்பதும் உண்டு. எங்கள் கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேட்டில் நெத்திலிக்குக் கோபம் வரும் என்றெல்லாம் இருப்பதைப் பார்த்து வெளியூர்த் தேர்வாளர்கள் முழிப்பார்கள், முழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

இதையெல்லாம் மேய்க்கிற வேலை நூலகர் ஜெபகனி மேடத்துடையது. மின்னிதழ்களை வைத்துக் காப்பாற்றுவது காகிதத்தை வைத்துக் காப்பாற்றுவதைவிடத் தொல்லை. காகிதமாவது வைத்த இடத்தில் இருக்கும், இவை நேற்றுத் திறந்து இன்றைக்குப் பூட்டிக்கொள்ளும், சுற்றுச்சுவருக்குள் இருக்கிற கணினிக்குத் திறக்கும், சுவரைத் தாண்டி ஓர் அடி வைத்தால் நீ யார் என்று கேட்கும். ரேஷன் கடையில் சீனி வேண்டுமென்றால் வேண்டாத சோப்பையும் வாங்கு என்பார்களே, அந்த மாதிரி ஒரு நல்ல இதழுக்காக யாரும் தொடாத ஒரு கூட்டத்தையே கட்டாக வாங்கவேண்டும். ஜெபகனி மேடம் தினமும் காலையில் வந்து ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, ஒவ்வொரு இதழாகத் திறந்து உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார். மற்ற இதழ்களுக்கெல்லாம் முகப்பைப் பார்த்தால் போதும் அவருக்கு. கழிமுக உயிர்களைப் பற்றிய ஒரு இதழை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டு, அதில் பழைய வருடம் ஒன்றுக்குள் போய், ஒரு கட்டுரையைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிப்பார்.

அது அவர் கணவர் ஞானமுத்து சார் எழுதியது. சார் இதே கல்லூரியில் வேலை பார்த்தவர், நன்றாக இருந்தவர், ஒரு மத்தியானம் பரிசோதனைக்கூடத்து ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் எழுதி அச்சானது அந்த ஒரு கட்டுரைதான். எங்கள் ஆற்று முகத்துவாரத்துச் சேற்றில் இருக்கிற உளுவை மீனைப் பற்றியது, ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார், ஆனால் மேடம் படிக்கும்போது அது வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கும், வாக்கியத்துக்கு வாக்கியம் "வெளங்குதா, ஜெபா?" என்று அவர் நீட்டிக் கேட்பதும் சேர்ந்து கேட்கும். சாரின் குரல் பதிந்த எதுவும் வீட்டில் இல்லை. போட்டோவில் இருக்கிறார், போட்டோ பேசாது. ஆண்டுக்கணக்காகத் தினமும் படித்துப் படித்து, அவர் குரல் அந்தக் கட்டுரைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது, வேறெங்கே தேடினாலும் மேடத்துக்கு அது கிடைப்பதில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அந்தக் கட்டுரையையும் யாருக்கும் சொன்னதில்லை. அது தனக்கு மட்டும் என்று வைத்திருந்தார், அதில் என்ன தப்பு?

அந்த வருடம் நவம்பரில் எந்த இதழ் எத்தனை முறை திறக்கப்பட்டது என்கிற அறிக்கை வந்தது. குறைவாகத் திறந்ததை நிறுத்துவது வழக்கம். அறிக்கையில் கழிமுக இதழ் எல்லாவற்றுக்கும் மேலே கொடி கட்டிப் பறந்தது, இறால் நோய் இதழ் எல்லாவற்றுக்கும் கீழே கிடந்தது. மேடம் அதைப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒருத்தி தினமும் திறந்தது ஒரு கல்லூரியே திறந்ததாகக் கணக்காகியிருந்தது. இறால் இதழை, இறால் வளர்ப்பு நடத்துகிற வரகுணன் சார் மட்டும் புது இதழ் வந்ததும் ஒரு தடவை திறந்து படித்துவிட்டு, சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பண்ணைகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிடுவார், அத்தனை பண்ணையும் அதைக் கேட்டுத்தான் பிழைத்தது, அத்தனை பேரின் காதும் அறிக்கையில் வரவில்லை. உப்போடை மாதிரி சொல்லிக்கொடுத்தே பழகிப்போன ஊரில்தான் இந்தக் கோளாறு நடக்கும். அதிகம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது அடியில் கிடந்தது.

மேடம் ஒன்றும் சொல்லாமல் அறிக்கையை முதல்வருக்கு அனுப்பினார். மனுஷி பொய் சொல்லவில்லை, வந்ததை வந்தபடி அனுப்பினார். ஆனால் அன்றைக்கு அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்கவேயில்லை.

சேதி பண்ணைகளுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? மறுநாளே இசக்கியம்மாள் நூலக வாசலில் வந்து நின்றாள். ஆற்றுக்கு வடக்கே குத்தகைக்குக் குளம் எடுத்து இறால் வளர்க்கிறவள், கல்யாணமாகி மேற்கேயிருந்து இந்த ஊருக்கு வந்தவள், யார் பேசியதைச் சொன்னாலும் அவர்கள் குரலிலேயே சொல்கிறவள். அவள் இறால் ஏஜெண்டு மாதிரிப் பேசிக்காட்டினால் ஏஜெண்டே திரும்பிப் பார்ப்பார். கையில் ஓர் ஓலைப்பெட்டி நிறைய இறால் வைத்திருந்தாள்.

"மேடம், எங்க எறா புஸ்தகத்த நிப்பாட்டிராதீய."

"பெட்டிய வெளிய வை மொதல்ல. லைப்ரரிக்குள்ள நாறும்."

"வச்சிருதேன். வரகுணன் சார் நேத்து கரைல வந்து," என்றவள் வரகுணன் சாராகவே மாறி, மூக்கால் பேசி, "'இசக்கி, இந்த வருஷம் புதுசா ஒண்ணு கெளம்பியிருக்கு, வாலு செவக்குது, என்ன ஏதுன்னு இனிமேதான் எழுதுவாங்க, எழுதும்போது நம்மகிட்ட இதழ் இருக்காது'ன்னு சொல்லிட்டு, வண்டில ஏறாம தள்ளிக்கிட்டே போனாரு மேடம். பழைய நோயெல்லாம் எங்க காதுல இருக்கு. வரப்போறதுக்குக் காத வச்சு என்ன செய்ய?"

"என்கிட்ட ஏம்மா சொல்லுத? நானா நிப்பாட்டுதேன்? ரிப்போர்ட்டப் பாத்து முடிவு பண்ணுவாங்க."

"ரிப்போர்ட்ட யாரு எழுதுதா?"

"யாரும் எழுதல. நாங்க தெனமும் என்ன பண்ணுதோமோ அது அதுவா எழுதிக்கிடும்."

"அப்பம் நீங்கதான எழுதுதீய," என்றாள் இசக்கியம்மாள். குத்திச் சொல்லவில்லை, புரிந்துகொண்டதைச் சொன்னாள். போன வருடம் பக்கத்துக் குளத்து இறாலெல்லாம் ஒரே வாரத்தில் செத்து மிதந்து, குளத்துக்காரன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டதைச் சொன்னாள். "எனக்குப் போக இடமில்ல மேடம். அந்தக் கொளம்தான்." பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனாள். மேடம் அதை மீன் காட்சிக்கூடத்து உதவியாளரிடம் கொடுத்தார், அவர் அதை வறுத்துத் தின்றார்.

நூலகக் குழு டிசம்பர் நடுவில், மார்கழி பிறக்கிற சமயத்தில் கூடியது. நீள மேசை, முதல்வர், வரகுணன் சார், இன்னும் இரண்டு பேர், தட்டில் மிக்சர். முதல்வர் நல்ல மனிதர், ஆனால் எண் என்று ஒன்று தாளில் இருந்துவிட்டால் அதற்கு மேல் அவரால் நகரமுடியாது.

"இந்த வருஷம் ஒண்ணு போயே ஆகணும். கழிமுக இதழ நம்ம பிள்ளைங்க அவ்வளவு படிக்கிறாங்க, சந்தோஷம், அது இருக்கட்டும். இறால் இதழ யாரும் தொடல. எடுத்துருவோம்."

வரகுணன் சார் மிக்சர் தட்டைத் தள்ளினார். "சார், நான் ஒருத்தன் படிச்சா ஆத்தங்கரையே படிச்ச மாதிரி. அந்தக் காதெல்லாம் உங்க ரிப்போர்ட்ல எங்க சார் இருக்கு?"

"காத எண்ணி எந்தக் கம்பெனியும் ரிப்போர்ட் தரலையே, வரகுணன்."

மேசைக்கு அந்தப் பக்கம் ஜெபகனி மேடம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். சும்மா இருந்தால் போதும், ஒரு வார்த்தை பேசாமல் கூட்டம் முடிந்து எழுந்துபோனால் போதும், நாளைக் காலையும் நாளை மறுநாள் காலையும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து "வெளங்குதா, ஜெபா?" என்று கேட்கலாம், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்த அம்மாளுக்கு அந்தக் குரலைத் தவிர வேறென்ன இருந்தது சொல்லுங்கள். எங்களில் எத்தனை பேர் அந்த நாற்காலியில் இருந்தால் வாயைத் திறந்திருப்போம் என்று யோசித்துப் பார்த்ததுண்டு, யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

"சார்," என்றார் மேடம், "கழிமுக இதழ்ல இருக்கிற எண்ணிக்கை பூராவும் நான்தான்."

"பூராவுமா?"

"பூராவும். வேற யாரும் அதத் தொறக்கிறதில்ல."

முதல்வர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஞானமுத்து பேப்பர் அதுலதான வந்துச்சு?"

"ஆமா சார்."

"மேடம், நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே," என்றார் முதல்வர், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில்.

"இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா சொல்லியிருக்க மாட்டேன் சார். எழுதிக்கோங்க, சீக்கிரம்."

எழுதிக்கொண்டார்கள். இறால் இதழ் இருந்தது, கழிமுக இதழ் டிசம்பரோடு முடிவதாக ஆயிற்று. வரகுணன் சார் நன்றி சொல்ல எழுந்தவர், மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் விடிகாலை, பனி குளத்துத் தண்ணீரிலிருந்து எழுந்து கரைக்கு மேலே நின்றுகொண்டிருந்தபோது, ஏரியேட்டர் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக் காற்றூட்டிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே, சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜெபகனி மேடம் வரப்பில் நடந்து வருவதை இசக்கியம்மாள் பார்த்தாள். நூலகத்தை விட்டுக் கோயிலுக்கும் வீட்டுக்கும் தவிர வேறெங்கும் போகாத அம்மாள் சகதியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்.

"இசக்கி, உனக்கு ஒரு மீனப் பத்திச் சொல்லணும்."

"எனக்கா? நான் எட்டாங்கிளாஸ் மேடம்."

"காது இருக்குல்ல? உக்காரு."

அப்படித்தான் ஆரம்பித்தது. சந்தா முடிகிற வரைக்கும் ஒவ்வொரு விடிகாலையும் மேடம் வந்தார், இருவரும் கரையில் கவிழ்த்துப் போட்ட தீவன வாளிகளின் மேல் உட்கார்ந்தார்கள், ஒரு பக்கம் பஜனை கேட்டது, மறு பக்கம் கோயில் மணி கேட்டது, நடுவில் உளுவை மீன் வந்தது. தண்ணீர் வற்றும்போது அந்த மீன் சேற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், மார்புத் துடுப்பை ஊன்றி நடக்கும், சேற்றுக்குள்ளே வளை தோண்டி அதன் மேல்கூரையில் முட்டையை ஒட்டிவைக்கும், சேற்றுக்கடியில் முட்டைக்கு மூச்சு கிடைக்காது, அதனால் ஆண் மீன் மேலே வந்து வாய் நிறையக் காற்றை அடக்கிக்கொண்டு உள்ளே போய் விட்டுவிட்டு வரும், மறுபடி மேலே வரும், மறுபடி வாய் நிறைய அள்ளிக்கொண்டு போகும், குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இதே வேலை.

இசக்கியம்மாள் தன் குளத்துச் சக்கரங்களைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பம் அதுக்கு அது வாய்தான் ஏரியேட்டரா மேடம்?"

"ஆமா. இத அவர்ட்ட சொல்லியிருந்தேன்னா சந்தோஷப்பட்டிருப்பாரு," என்றார் மேடம்.

கதை இரண்டு காலையில் படிந்துவிட்டது. குரல்தான் படியவில்லை. இசக்கியம்மாள் ஞானமுத்து சாரைப் பார்த்ததே கிடையாது. மேடம் பேசிக்காட்டவேண்டும், மேடத்துக்கு நடிப்பு வராது, ஆண்குரல் சுத்தமாக வராது, வெட்கம் வேறு. "அப்பிடி இல்ல. 'வெளங்குதா'ன்னு நெஞ்சுக்குள்ள ஆரம்பிச்சு, கடைசில மேல தூக்கணும். சண்டைக்காரன் மாதிரி இருக்கக்கூடாது, பாடம் நடத்துத மாதிரியும் இருக்கக்கூடாது. நமக்கு வெளங்கலன்னா அவருக்கு வருத்தம், அந்த மாதிரி." இசக்கியம்மாள் சொல்வாள், மேடம் தலையை ஆட்டுவார், இல்லை, மறுபடி. தீவனம் போட வருகிற ஆட்கள் இரண்டு பெண்கள் மாறி மாறி ஆம்பளைக் குரலில் "வெளங்குதா, ஜெபா?" என்று கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் மார்கழியில் அதற்கெல்லாம் சிரிக்கமாட்டோம்.

ஒரு காலையில் குரல் வந்துவிட்டது. இசக்கியம்மாள் சொல்லிவிட்டுத் திரும்பினால், மேடம் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

கடைசி நாளில் மேடம் சொன்னார்: "கட்டுரை முடிஞ்சு கீழ ஒரு நன்றி போட்டிருப்பாரு. தண்ணி வத்தத்துல சேத்துக்குள்ள நிக்கும்போது கொடை பிடிச்சவளுக்கு, ஒரு தடவகூட முனகாதவளுக்குன்னு. அந்த எடம் வந்தா நான் சண்டைக்கு வருவேன். எப்பவும் வருவேன். அப்பிடி வந்தேன்னா நீ எதுவும் பேசாத, சும்மா பொறு, அவரு பதில் சொல்லுவாரு. நான் சண்டைக்கு வரலேன்னா..."

"வரலேன்னா?"

"இன்னொரு தடவ சொல்லு. அப்பவும் வரலேன்னா காப்பியக் குடிச்சிட்டுப் போயிரு. நம்ம செய்யக்கூடியது அவ்வளவுதான்."

ஜனவரியில் ஜெபகனி மேடம் நூலகத்துக்கு வந்து ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டு இதழ்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாம் முடிந்தபிறகு கை மவுஸைப் பிடித்தபடியே ஏனோ கொஞ்ச நேரம் நின்றது. தானாகப் போய் ஒரு முகவரியைத் திறந்தது, "இந்த இதழுக்கு உங்களுக்கு அனுமதி இல்லை" என்று திரை சொன்னது, சரி என்று மூடினார். வேலை சீக்கிரம் முடிந்துவிடுவது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் கணவரின் போட்டோவைத் துடைத்து வைத்தார். அவர் முகம் தெரிந்தது, கல்யாணம் தெரிந்தது, அவர் போன மத்தியானம் தெரிந்தது, அதெல்லாம் அவருடைய சொந்தக் கணக்கு, எந்தச் சந்தாவும் அதைத் தொடமுடியாது. ஆனால் போட்டோவில் இருக்கிறவர் எப்படிப் பேசுவார் என்று நினைத்துப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. சத்தம் போடாத டிவியைப் பார்க்கிற மாதிரி இருந்தது. எதையோ யாரிடமோ சொன்னோமா என்று நினைத்தார், சகதியில் நடந்த மாதிரி ஒரு ஞாபகம் காலில் இருந்தது, தலையில் இல்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு இப்படி ஆகிப் பார்த்தவர்தான், தனக்கு ஆனதைத் தனக்கே சொல்லிக்கொள்ள அவருக்குப் பயமாக இருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம், விடிந்தும் விடியாமலும், இசக்கியம்மாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். "மேடம், கொஞ்சம் உக்காரலாமா?"

மேடம் அவளைப் பார்த்தார். இறால் பெட்டியோடு வந்த பெண், அது ஞாபகம் இருந்தது. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கதவை அகலமாகத் திறந்துவிட்டு உள்ளே போய்க் கருப்பட்டியைத் தட்டினார்.

காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இசக்கியம்மாள் ஆரம்பித்தாள். சேறு வந்தது, வளை வந்தது, வாய் நிறையக் காற்று வந்தது, கடைசியில் குடை வந்தது. மேடம் கவனமாகக் கேட்டார், நூலகத்துக்கு வருகிற ஆய்வாளர்கள் சொல்வதைக் கேட்கிற மாதிரி, அங்கங்கே தலையை ஆட்டிக்கொண்டு.

"நல்ல மீனு," என்றார் முடிந்ததும். "யாரு எழுதினது?"

"உங்க வீட்டுக்காரவுகதான் மேடம்."

"அப்பிடியா." மேடம் போட்டோவைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் புடவை மடிப்பை நீவிக்கொண்டார். "ரொம்ப நன்றிம்மா. நீ இவ்வளவு தூரம் வந்து..."

பயத்தில் குரல் தன் குரலாகவே போய்விட்டது என்று இசக்கியம்மாளுக்குத் தெரியும். வரப்பில் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டிருந்த அந்த அம்மாளிடம் இவள் கடன் ஒன்றும் வாங்கவில்லை, ஆனால் அவர் விட்டுக்கொடுத்ததால்தான் இவள் குளம் இந்நேரம் உயிரோடு இருக்கிறது. வாலில் சிவப்பு வந்தால் என்ன செய்யவேண்டும் என்று வரகுணன் சார் போன வாரம்தான் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஏரியேட்டர் சத்தத்தையும் பனியையும் கவிழ்த்த வாளியையும் நினைத்துக்கொண்டு, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து அடக்கி, நெஞ்சுக்குள்ளிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை சொன்னது இசக்கியம்மாள் இல்லை. சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டு ஒருவர் சொன்னார். மீன் மேலே வந்தது, காற்றை அள்ளியது, உள்ளே போனது, ஒவ்வொரு தடவை அது உள்ளே போகும்போதும் வெளங்குதா, வெளங்குதா என்று நமக்கு விளங்கவேண்டுமே என்கிற வருத்தத்தோடு ஒருவர் கேட்டுக்கொண்டே போனார். வீட்டுக்குள் உப்புத் தண்ணீர் வாடை வந்ததாகப் பிறகு இசக்கியம்மாள் சொன்னாள், அவள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாள், இருந்தாலும் நாங்கள் நம்பினோம்.

"'...வத்தத்துல சேத்துக்குள்ள கொடை பிடிச்சு நின்னவளுக்கு, ஒரு தடவகூட முனகாதவளுக்கு நன்றி. வெளங்குதா, ஜெபா?'"

மேடத்தின் கையில் இருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது.

"முனகலையா?" என்றார். "யாரு, நானா முனகல? உச்சி வெயிலு, முட்டு வரைக்கும் சகதி, செருப்பு ஒண்ணு போயே போச்சு, நான் முனகின முனகல்ல அந்த மீனே பயந்து வளைக்குள்ள ஓடிச்சு. பொய்யி. அச்சடிச்ச பொய்யி. எத்தன தடவ சொல்லியிருக்கேன் உங்ககிட்ட, அந்த வரிய மாத்துங்க, மாத்துங்கன்னு?"

அவர் இசக்கியம்மாளைப் பார்த்துக் கேட்கவில்லை. இசக்கியம்மாள் வாயைத் திறக்கவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது, அவள் கண்ணீர் முகவாயில் வந்து நின்றது, அதைத் துடைக்கக்கூட அசையாமல், மேடம் அன்றைக்குச் சொல்லிவைத்தபடியே பொறுத்திருந்தாள், சார் பதில் சொல்லி முடிக்கட்டும் என்று.